பதினொன்றாம் வரிசை

தராசு என்றால் கல் தெரியும், மீன் தெரியாது.
எனக்கு வாய்த்த வேலை தலைகீழ்.
மீன் எப்போதோ விற்றுப் போயிற்று,
தட்டில் என்னென்ன கல் கிடந்திருக்கும் என்று
ஷென்டன் வே இருபத்திரண்டாம் மாடியில்
குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தேடுகிறேன்.

மீன் என்பது ஒரு முடிவு:
ஜூலையில் ஏறவேண்டிய ஊழியர் தீர்வை
ஜனவரிக்குத் தள்ளிப்போனது.
ஒன்றரைப் பக்க அறிக்கை. அதில் ஒரு வரி:
அனைத்துத் தரப்பும் கருத்தில் கொள்ளப்பட்டன.

அந்த அனைத்துக்குத்தான்
வரிசை எண் போட்டு வைத்திருக்கிறேன்.
ஒன்று, கட்டுமானக் குத்தகைக்காரர்கள்.
கடிதம் பதினாறு, விருந்து நான்கு.
விருந்துக்கும் எடை போடவா என்று கேட்டேன்.
"சூப்பில் என்ன போட்டிருந்தார்கள்?" என்றார் டாக்டர் கோ.
சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டேன்.
நான்கு, கப்பல் பட்டறைகள்.
எட்டு, உணவங்காடிக்காரர்கள்:
சங்கம் இரண்டு, ஒன்றோடொன்று பேச்சில்லை,
ஆகவே எடை பாதி.

என் சமன்பாட்டில் அரசாங்கம்
கொடுங்கோலனும் இல்லை, கொடைவள்ளலும் இல்லை.
கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவர் மாதிரி.
யார் முகம் சுளித்தால் ஊருக்குக் கேட்குமோ
அந்த இலைக்கு இன்னொரு கரண்டி.
பசித்தவர் யார் என்பது வேறு கணக்கு,
அதற்கு இங்கே மாறி இல்லை.

வியாழன் இரவு பத்தரைக்கு எண்கள் அடங்கின.
எல்லாரும் எதிர்பார்த்த இடத்தில் எல்லாரும்.
பதினொன்று மட்டும் துருத்திக்கொண்டு நின்றது,
குத்தகைக்காரர்களைவிட ஒன்றரை மடங்கு.
தரவில் தப்பு என்று மூன்று முறை ஓட்டினேன்.
பதினொன்று:
இல்லப் பணிப்பெண் அமர்த்திய குடும்பங்கள்.
சங்கம் இல்லை. தலைவர் இல்லை. கடிதம் பூஜ்யம்.
கேட்காமலே கிடைப்பவர்கள்.

கடைசி ரயிலில் செங்காங் திரும்பினேன்.
பதினான்காம் மாடி. வாசலில்
என் மகனின் காலணியைக் காயவைத்துவிட்டு
எனக்காக விளக்கை விட்டுவைத்திருந்தாள் சுலாஸ்த்ரி.

மறுநாள் பன்னிரண்டு என்று ஒரு வரிசை சேர்த்தேன்.
யாரும் சொல்லவில்லை. நானாக.
தங்கும் விடுதிக்காரர்கள், இவளைப் போன்றவர்கள்.
என்ன கேட்டார்கள், எப்போது, எத்தனை முறை?
நிரல் முழுக்க ஒரே பூஜ்யம்.
நாலாயிரம் சுற்று ஓடிவிட்டு
கணினி நாசூக்காகச் சொன்னது:
மாறுதல் இல்லாத நிரல், நீக்கப்பட்டது.

டாக்டர் கோ பதினொன்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
அவர் வீட்டில் இருப்பவள் மண்டலேயிலிருந்து வந்தவள்,
எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.
"பொதுமக்கள் என்று போடு லா. அழகா இருக்கும்."
போட்டேன்.
வரைபடத்தில் பொதுமக்களுக்கு இளநீலம்.

சனிக்கிழமை சாமான் பட்டியல் எழுத உட்கார்ந்து
அவளிடம் கேட்டேன், உனக்கு என்ன வேண்டும்?
இரண்டாவது தடவை அழுத்திக் கேட்டேன், உனக்கு.
குழம்பிப்போய் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள்.
"சோப்புத்தூள் முடிஞ்சிடுச்சு, மேடம்.
தம்பி யூனிஃபார்ம் கறை போகலே."

நான்கு வருடத்தில்
அவள் தனக்கென்று கேட்டது ஒன்றா இரண்டா
என்று யோசிக்கையில்
கைப்பேசி அதிர்ந்தது.
இந்த மாதத் தீர்வை, சலுகை போக,
ஜைரோவில் கழிந்துவிட்டதாம்.
சலுகை என்ற சொல்லில்
கட்டைவிரல் கொஞ்சம் நின்றது.

சோப்புத்தூள், மூன்று கிலோ,
என்று எழுதினேன்.